வளர்ப்பில் தவறில்லை

தங்கை குளத்தில் மூழ்கியதைக் கரையில் நின்று வேடிக்கை பார்த்தவன் அவன். மனநல மருத்துவர் அவன் தாயைத் தனியாக அழைத்தார்.

“சிலர் பிறவியிலயே இரக்கமில்லாம இருக்காங்கம்மா. ஆதி காலத்துல அந்தக் குணம் பிழைச்சுக்க உதவியிருக்கலாம், அதான் வழிவழியா வந்திருக்கோன்னு சிலர் சந்தேகப்படுறாங்க. உறுதியாத் தெரியாது. ஆனா உங்க வளர்ப்புல தப்பில்ல.”

“என் தப்புன்னே சொல்லிடுங்க டாக்டர்,” என்று கெஞ்சினாள். “என் தப்புன்னா நானே சரி பண்ணிடலாமே.”

மருத்துவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே போலீஸ்காரர் பக்கத்தில் மகன் உட்கார்ந்திருந்தான். அவள் அழுத கண்களைப் பார்த்தும், “பசிக்குதும்மா,” என்றான்.

பெற்ற மனம் பித்து. டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்துவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அருகிலேயே இருந்தாள்.