தங்கச்சிக்கு நான் சொன்ன சாட்சி

இப்போதெல்லாம் யாரும் வேலையைப் பார்ப்பதில்லை. தங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குத் தைரியம் எவ்வளவு, பொறுமை எவ்வளவு, நான் எதற்கு லாயக்கு என்று ஊரைக் கூட்டிக் கேட்கிறார்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். என்னை யாரும் அளந்து பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டியைக் கையில் கொடுத்தார்கள், தேய்த்தேன், இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் தங்கச்சிக்கும் இந்த வியாதி வந்தது. அவளுக்கும் எனக்கும் ஒரே சலவை நிலையத்தில் வேலை. ஓட்டல் துணி, ஆஸ்பத்திரித் துணி, பெரிய வீட்டுத் துணி எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். நான் தேய்ப்பேன், அவள் கறை எடுப்பாள். மை, துரு, லிப்ஸ்டிக், என்னவென்றே தெரியாத மஞ்சள், எதுவானாலும் அவள் மேஜைக்குத்தான் போகும். கறைக்காரி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். புருஷன் போன பிறகு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். நானும் தனிக்கட்டைதான்.

தெருமுனையில் ஒரு சின்னக் கடை காலியானது. அதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. துவைக்காமல், தேய்க்காமல், கறை மட்டும் எடுக்கிற கடை வைக்கப் போகிறாளாம்.

"கறை எடுக்கன்னு தனியா ஒரு கடைக்கு யாருடி வருவா?"

"கறை பட்டவங்க வருவாங்கண்ணே."

நூலக மாடியில் வாராவாரம் சொந்தத் தொழில் வகுப்பு நடக்கிறது. அதில் போய்ச் சேர்ந்தாள். தோற்றுப்போனால் தூக்கம் வருமா, முன்பின் தெரியாதவரிடம் பேச வருமா என்று அங்கே தன்னைத் தானே கேட்டுக்கொள்ளச் சொல்வார்களாம். கடைசியாக, உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவரைக் கூட்டி வாருங்கள், மனசில் பட்டதைச் சொல்லட்டும் என்றார்களாம். அவள் என்னைக் கூட்டிப் போனாள்.

"எங்க அண்ணன். முகத்துக்கு நேரா பேசுற ஆளு. முகஸ்துதி எல்லாம் வராது" என்று வகுப்பு முழுவதற்கும் அறிமுகம் வேறு.

டீச்சரம்மாவுக்கு என்னில் பாதி வயசு இருக்கும். எனக்கு ஒரு நாற்காலி போட்டாள்.

"ஐயா, இவங்களால தனியா ஒரு கடை நடத்த முடியும்னு நினைக்கிறீங்களா?"

"முடியாது."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"ஏன்னு சொல்லுங்க."

"ஒரு கறையில உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டா. பின்னால துணி மலையாக் கிடக்கும், இவ அந்த ஒண்ணோட மல்லுக்கட்டிட்டு இருப்பா. யாராவது சத்தம் போட்டா கண்ணு கலங்கிடும். கெஞ்சினா உருகிடுவா. கூலி கேக்க வாய் வராது."

"சரி. அவங்ககிட்ட பலம்னு எதைச் சொல்வீங்க?"

சொல்ல இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

"அடக்கமான பொண்ணு" என்றேன்.

ஐம்பதைத் தாண்டிய பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதுதான், "நீ சொன்னது சரிதாண்ணே. நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். எனக்கு இது ஆகாது" என்றாள்.

நல்ல காரியம் செய்தோம் என்றுதான் படுத்தேன்.

மறுநாள் காலை ஒரு வெள்ளைச் சட்டையைப் பொசுக்கினேன். இப்போதெல்லாம் கை பெட்டியை வைத்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. சட்டையின் முதுகில் பெட்டியின் மூக்கு அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தது. நான் நிமிர்வதற்குள் அவள் வந்துவிட்டாள். மற்ற துணிகளோடு சேர்த்து அதையும் வாரிக்கொண்டு தன் மேஜைக்குப் போனாள். மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள், ஈரத்துணியால் ஒற்றினாள், காத்திருந்தாள், மறுபடி ஒற்றினாள். சட்டை வெள்ளையாகத் திரும்பி வந்தது. இப்படி எத்தனையோ சட்டைகள் திரும்பி வந்திருக்கின்றன.

எங்கள் சூப்பர்வைசருக்குக் கஞ்சி என்று பேர். துணிக்குப் போடுகிற கஞ்சியை இவர்தான் குடித்துவிட்டாரோ என்னும்படி விறைப்பாக நடப்பார். இன்னொரு துணி பொசுங்கினால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று எனக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

"என்ன பெருசு, இன்னைக்கு ஒண்ணும் பொசுக்கலையா?"

"பொசுக்கினா மொதல்ல உங்ககிட்டதான் காட்டுவேன்" என்றேன்.

தங்கச்சி தலையைத் தூக்காமல் சிரித்தாள். முகத்துக்கு நேராகப் பேசுகிற அண்ணனின் லட்சணம் இது. எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. நேற்று அந்த நாற்காலியில் என் நாக்கு நுனிவரை வந்தது இந்த மாதிரிச் சட்டைகளின் கதைதான். அதை முழுங்கிவிட்டுத்தான் அடக்கமான பொண்ணு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானம் பின்கட்டில், காய்கிற போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"சாயங்காலம் கடைச் சொந்தக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாள். "செல்போன் உறை விக்கிறவர் ஒருத்தர் கேட்டுட்டு இருக்காராம். இன்னைக்குள்ள பதில் சொல்லச் சொன்னார்."

"வேண்டாம்னு சொல்லாதே. நீ நல்லாப் பண்ணுவே."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஜுரம் இல்லையே."

"உன் கைவேலைக்குக் கிட்ட யாரும் நிக்க முடியாது."

"என்னைப் பார்த்தா உனக்குப் பாவமா இருக்கு, அதான். உனக்குப் புகழ வராதுண்ணே, விட்டுடு. அங்க சொன்னதுதான் நிஜம்."

இத்தனை வருஷம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிவிட்டு, இன்று ஒரு நல்ல வார்த்தை சொன்னால் யார் வாங்குவார்கள்? வேறு வழி தெரியவில்லை.

"நீ போயிட்டா என் பொசுங்கலை யார் எடுப்பா? கஞ்சி என்னைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிடுவான். அதான் அப்படிச் சொன்னேன்."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கும்போதே இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப சொன்னதெல்லாம் பொய்யா?"

"நிஜம்தான். மிச்சத்தைச் சொல்லலை."

"என்ன மிச்சம்?"

"ஒரு மருந்து கேக்கலைன்னா பதறாம அடுத்ததை எடுக்கிறே. முதல்ல உள்மடிப்புல ஒரு சொட்டு வச்சுப் பார்க்காம எந்த மருந்தையும் கறை மேல வைக்க மாட்டே. இத்தனை சட்டையைக் காப்பாத்திக் கொடுத்தே, ஒரு நாளாவது அதைச் சொல்லிக் காட்டினியா? நானா இருந்தா தண்டோரா போட்டிருப்பேன்."

டப்பாவை மூடினாள். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

"அந்தம்மா என்னைப் பத்திக் கேட்டாங்க. நீ உன் வயித்தைப் பத்திப் பதில் சொல்லிட்டு வந்திருக்கே."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு என் மேஜைப் பக்கம் வரவில்லை. நான் பெட்டியைத் தொடவே பயந்து பயந்து, பூனை நடக்கிற மாதிரி தேய்த்தேன்.

சாயங்காலம் அவள் முன்னால் நடந்தாள். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனேன். தெருமுனையில் கடைக்காரர் சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். ஷட்டரைத் தூக்கினார். அவள் உள்ளே போய் அலமாரியைத் தட்டிப் பார்த்தாள். விளக்கு எங்கே வைக்கலாம் என்று கேட்டாள், சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற மனுஷனை நான் நம்புவதில்லை.

நான் தரையைப் பார்த்தேன். வாசலில் நின்றாலே தெரிந்தது. தரை தெருப் பக்கம் சரிந்திருக்கிறது, தண்ணீர் போகிற ஓட்டை பின்மூலையில் மேட்டில் இருக்கிறது. அலசுகிற தண்ணீர் பூராவும் வாசலுக்குத்தான் வரும். தரையைச் சரிபண்ணிக் கொடுத்தால்தான் ஆச்சு என்று கேளுடி. வாய்வரை வந்தது.

இப்போது நான் வாயைத் திறந்தால், இது அவளுக்காகச் சொல்வதா, கடை வேண்டாம் என்று திரும்பி வரட்டும் என்பதற்காகச் சொல்வதா? அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்வேன் என்று நின்ற மாதிரி இருந்தது. நான் செருப்பைப் பார்த்தேன். அவள் கடைக்காரர் பக்கம் திரும்பி, "சரிங்க, எடுத்துக்கிறேன்" என்றாள். தண்ணீரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

வாசல் நனைந்த பிறகு தெரிந்துகொள்ளட்டும் என்று மனசில் ஒரு நினைப்பு வந்தது. வந்ததுமே என் மேலேயே எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஆனாலும் டீச்சரம்மா இப்போது மறுபடி நாற்காலி போட்டுக் கேட்டாலும், முடியாது என்றுதான் சொல்வேன். தரையைப் பார்க்கத் தெரியாதவள் என்ன கடை நடத்தப் போகிறாள்? உள்ளே அவள் சுவரை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தாள். நான் வீட்டைப் பார்த்து நடந்தேன்.