கன்னியம்மா கேட்ட சோடா

வாயைக் கட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பழைய வேட்டியில் கிழித்த துணியைத் தாடைக்கடியில் கொடுத்து மலர்க்கொடி உச்சந்தலையில் முடிச்சுப் போடுவாள்; கையை எடுத்ததும் கன்னியம்மாவின் வாய் லேசாகத் திறந்துகொள்ளும். இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை ஒரு கரண்டி கஞ்சிக்கு வாயைத் திறக்கவைக்க அவள் பட்ட பாடு கொருக்குப்பேட்டைக்கே தெரியும். இப்போது மூடமாட்டேன் என்று அடம். மூன்றாம் தடவை இறுக்கிக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் அந்த ஆள் நின்றிருந்தார்.

சஃபாரி சட்டை, கையில் மாலை இல்லை. சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் பிணத்தைப் பார்ப்பார்கள். இவர் கூரை ஓடுகளைப் பார்த்தார், உத்திரத்தைப் பார்த்தார், பிறகு வாசற்படியிலிருந்து தெருச் சாக்கடை வரைக்கும் அடிமேல் அடி வைத்து அளந்து நடந்தார். அண்ணன் வரதன் தலையைச் சொறிந்துகொண்டு அவர் பின்னாலேயே போனான்.

அவர் போனதும் மலர்க்கொடி கேட்டாள். "யாருண்ணே அது?"

"தெரிஞ்சவரு." வரதன் குரலைத் தாழ்த்தினான். "மலரு, கருமாதிய மாத்தூர்ல என் வூட்லயே வெச்சிக்கலாம். இங்க வோணாம்."

"இன்னாண்ணே சொல்ற? உசுரு போன வூடு இது. படையல இங்க போடாம வேற எங்க போடுவாங்க?"

"அதுக்குள்ள வூட்ட காலி பண்ணித் தரேன்னு அவராண்ட சொல்லிகீறேன்."

சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தான். விடிகாலையிலிருந்து அழுத கண்தான், அதில் பொய் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி ஒன்று போனது. அது கடந்து முடிந்ததும் மலர்க்கொடி கேட்டாள்.

"யாரு வூட்ட?"

"என் வூடுதான். அம்மா எனுக்கு எய்திக் குட்த்து ரெண்டு வருசம் ஆவுது. இன்னா, ஒண்ணுமே தெரியாத மாரி கேக்குற? நீதானே சாட்சிக் கையெய்த்து போட்ட."

மலர்க்கொடிக்கு உடனே கோபம் வரவில்லை. யாரைப் பற்றியோ சொல்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது.

கையெழுத்துப் போட்டது உண்மை. இரண்டாயிரத்து நாலு, சித்திரை வெயில். வீட்டுப் பத்திரத்தில் அம்மாவின் பெயர் கண்ணம்மா என்று தப்பாக விழுந்திருக்கிறது, திருத்த வேண்டும் என்று வரதன் சொன்னான். அதற்காக இறால் உரிக்கும் கம்பெனியில் அவள் லீவு சொன்னாள். முதல் நாளே அம்மாவைக் குளிப்பாட்டி, தன்னுடைய பச்சைச் சேலையை உடுத்தி, வகிடெடுத்துச் சீவி ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய் போட்டோ எடுத்துவந்ததும் அவள்தான். மறுநாள் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில், பத்திரம் எழுதுகிறவரின் மேசையில், அண்ணன் விரல் வைத்த இடத்தில் போட்டாள். எட்டாவது வரை படித்தவள். படிக்கத் தெரியாமல் இல்லை. கூடப்பிறந்தவன் நீட்டிய காகிதத்தைப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"அம்மாவ ஏமாத்திட்டியாண்ணே?"

"இன்னா பேச்சு இது? அதுவாத்தான் சொல்லுச்சு. கொள்ளி போடப் போறவன் நான். எனுக்கு எய்தாம பின்ன யாருக்கு எய்தும்? உனுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவன்னு அதுதான் சொல்லாதன்னுச்சு."

பொய் சொல்கிறான் என்று கத்த வாயெடுத்தாள். அப்போதுதான் அந்தச் சோடா ஞாபகத்துக்கு வந்தது.

ஆபீசுக்குள்ளே இவர்களுடைய நம்பரைக் கூப்பிட்ட நேரம்; யாருக்கு என்ன எழுதுகிறாய் என்று அதிகாரி வாய்விட்டுக் கேட்பது அங்கேதான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கன்னியம்மா மகளின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "மலரு, எனுக்கு ஒரு சோடா வாங்கினு வா." வயிற்றில் காற்று ரொம்பும் என்று ஜென்மத்தில் சோடாவைத் தொடாதவள். சரி, வெயில் கொடுமை, கிழவிக்கு நாக்கு வறண்டிருக்கும் என்று நினைத்து மலர்க்கொடி ஓடினாள். பக்கத்துக் கடையில் இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் வாங்கிவந்தபோது உள்ளே எல்லாம் முடிந்திருந்தது. அம்மா கட்டைவிரல் மையைப் பச்சைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வோணாம், நீ குடி. வெயில்ல அலைஞ்சிட்டு வந்துகீற" என்றாள்.

அம்மாவுக்குத் தன்மேல் எவ்வளவு கரிசனம் என்று நெஞ்சு நிறைந்துபோய், அங்கேயே நின்று மலர்க்கொடி அந்தச் சோடாவைக் குடித்தாள்.

ஏமாற்றியது அண்ணன் மட்டுமென்றால் மண்ணை வாரித் தூற்றித் தெருவையே கூட்டியிருப்பாள். கட்டியவன் இன்னொருத்தியோடு எண்ணூருக்குப் போனபோது அப்படித்தான் செய்தாள், மனசு ஆறியது. ஆனால் எழுதிக் கொடுத்த மறுமாசமே விழுந்து, இரண்டு வருஷம் இவள் கையால் தின்று, இவள் மடியில் தலைசாய்ந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே, அவளை எந்தத் தெருவில் நிறுத்திக் கேட்பது? திரும்பி அம்மாவைப் பார்த்தாள். வாயை இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டியதும் அவள்தான்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். தெருமுனை வரை போய் மலர்க்கொடி நின்றுகொண்டாள். வரதன் முன்னால் தீச்சட்டியோடு விம்மிக்கொண்டு போனான். இவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "பாவம், அழக்கூட தெம்பு இல்ல அதுக்கு" என்று பெண்கள் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள்.

மூலக்கொத்தளம் சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பிக் கால் கழுவியபோது பக்கத்து வீட்டு ஹென்றி மட்டும் தயங்கி நின்றார். வக்கீல் குமாஸ்தா. முப்பது வருஷமாகக் கோர்ட்டு வாசலில் நின்று பழகியவர்.

"வரதன் சொன்னான் மலரு. வயிறு எரிஞ்சிது எனுக்கு. எய்தாம வுட்டிருந்தா உனுக்கும் இதுல பாதி வந்திருக்கும்."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"ஒரு வழி கீது. அம்மாவுக்கு அப்பவே புத்தி தெளிவு இல்ல, இன்னா பத்திரம்னே தெரியாம கைநாட்டு வெச்சுது, எனுக்கும் பேரு திருத்தறோம்னுதான் சொன்னாங்கன்னு நீ சொல்லணும். சாட்சிக் கையெய்த்து போட்டவளே அப்டி சொன்னா கேஸு நிக்கும். ஸ்டே வாங்கிட்டா வருசக்கணக்குல உன்ன இங்கேர்ந்து ஒருத்தனும் அசைக்க முடியாது. நம்ம வக்கீலாண்ட நான் பேசறேன்."

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நினைத்துப் பார்க்கவே இதமாக இருந்தது. அந்தப் பொய்யில் வீடும் இருந்தது, அம்மாவும் இருந்தாள். மலர்க்கொடி அதை மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"இல்லண்ணே" என்றாள்.

"இன்னா இல்ல?"

"அதுக்கு எல்லாம் தெரியும். நல்லா கீற புத்தியோடதான் பண்ணுச்சு. புத்தி இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்."

"அடிப்பாவி, வூடு போயிடும்மா."

"போவட்டும். தெரியாம பண்ணுச்சுன்னு சொல்லி அத நான் தப்பிக்க வுட மாட்டேன்."

ஹென்றி தலையில் அடித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

உள்ளே அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் அண்ணி அகல் விளக்கு ஏற்றி, பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்திருந்தாள். வரதன் பெரிதாக்கிச் சட்டம் போட்டுவந்த படம் சுவரோரம் சாய்ந்திருந்தது. அதே ஸ்டூடியோ படம். பச்சைச் சேலை, எடுத்த வகிடு கோணாமல் இருந்தது. மாலைக்கு நடுவிலிருந்து கன்னியம்மா நேராகப் பார்த்தாள்.

மலர்க்கொடி எழுந்து முனைக் கடைக்குப் போனாள். சாவுத் தீட்டோடு கடைக்கு வருகிறாளே என்று கடைக்காரர் பார்த்தார், ஆனாலும் கேட்டதைக் கொடுத்தார். திரும்பி வந்து தண்ணீர்ச் சொம்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, கோலிச் சோடாவைப் படத்துக்கு முன்னால் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். கோலி உள்ளே விழுந்தது. நுரை பொங்கித் தரையில் வழிந்தது.

"இன்னா மலரு இது?" அண்ணி பதறினாள். "அத்தைக்கு சோடா ஆவவே ஆவாதே."

"அதுதான் கேட்டுச்சு. அன்னிக்கு வாங்கினு வந்தேன், குடிக்கல" என்றாள் மலர்க்கொடி.

சுவரில் முதுகைச் சாய்த்து எதிரே உட்கார்ந்துகொண்டாள். விளக்கு வெளிச்சத்தில் பாட்டிலுக்குள் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்தன.