கிரீம் வைத்த முட்டைகோஸ்

லிஃப்ட் மெக்கானிக்கின் வயிற்றுக்குள் பாதி கடித்த கிரீம் பன் ஒன்று கிடந்ததை முதலில் பார்த்தவர் ஆறாம் மாடியில் குடியிருந்த பல் டாக்டர். நடுவழியில் நின்றுபோன லிஃப்டின் கதவை நெம்பித் திறந்து அவரை வெளியே இழுத்த மெக்கானிக், புழுக்கம் தாங்காமல் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்து விட்டிருந்தார். பல் டாக்டர் உற்றுப் பார்த்தார். "கடிச்சு அப்படியே முழுங்காதீங்க, நல்லா மென்னு தின்னுங்க" என்று தன் தொழிலுக்கு ஏற்ற யோசனை ஒன்றைச் சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார். படித்தவரோ படிக்காதவரோ, அவரவர் பிழைப்புக்கு வெளியே யாரும் எதையும் பார்ப்பதில்லை.

எல்லாம் ஒரு ஜாடியால் வந்தது. மெக்கானிக் தண்ணீரைக் குளிக்க மட்டும் பயன்படுத்தியவர். குடிப்பதற்கு பாட்டில் பானங்கள். ஆரஞ்சு, பச்சை, அப்புறம் எந்தச் செடியிலும் காய்க்காத ஒரு நீலம். ரத்தத்தில் சர்க்கரை தாறுமாறாக ஏறிப்போய், இப்படியே போனால் ஆளே மிஞ்சமாட்டார் என்று டாக்டர் சொன்ன அன்று, அவர் மனைவி ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று ஓவென்று அழுதாள். "நீங்க போயிட்டா நான் யாரோட சண்டை போடுவேன்?" என்று கேட்டாள். வழியில் போனவர்களெல்லாம் மெக்கானிக்கை முறைத்துவிட்டுப் போனார்கள். அன்று மாலையே ஃபிரிட்ஜில் இருந்த பாட்டில்களைப் பறிமுதல் செய்து, அந்த இடத்தில் கண்ணாடி ஜாடி ஒன்றை வைத்தாள். எலுமிச்சையும் வெள்ளரியும் தோலோடு மெல்லிய வட்டங்களாக, புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு, இஞ்சி இரண்டு சீவல், மேலே தண்ணீர். ஊறியதும் திறந்தால் வாசனை கமகமவென்று வரும். மெக்கானிக் ஒரு வாய் குடித்துவிட்டு, "பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு" என்றார். அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

செய்முறை சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி, இரண்டு முறை தண்ணீர் ஊற்றியதும் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தாள். ஆனால் திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்த்த நம் அம்மணிக்குத் தூக்கிப் போடுவது என்ற ஒன்றே தெரியாது. கடையில் வெட்டி விழுந்த துணி வீட்டில் தலையணை உறையாகும். அதில் மிஞ்சியது அடுப்படிக் கைத்துணியாகும். எலுமிச்சையை மட்டும் விட்டுவிடுவாளா? அதே துண்டுகளின் மேல் மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றினாள். மஞ்சள் போயிற்று, பச்சை போயிற்று. அழுக வேண்டிய பழம் அழுகவும் இல்லை. அழுகுவதற்குக்கூட அதனிடம் எதுவும் மிச்சமில்லை. கரண்டி விட்டுத் துழாவினால்தான் உள்ளே துண்டுகள் இருப்பதே தெரியும் என்ற நிலை வந்தது. பழத்திடம் வாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போன தண்ணீர், குடிக்கிறவரிடம் வாங்கத் தொடங்கியது. கழுத்திலிருந்து இடுப்புவரை மெக்கானிக்கின் நிறம் கழன்று, உடம்பு அந்த ஜாடியைப் போலவே தெளிந்துவிட்டது.

இதனால் நொந்துபோனவன் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்த மைத்துனன் ஒருவன்தான். "அக்கா, அத்தானை எங்க ஆஸ்பத்திரிப் பக்கம் கூட்டிட்டு வந்துடாத. என் பொழப்புல மண்ணு விழுந்துடும்" என்று கெஞ்சினான். அக்காளுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். தினமும் மாலை, வெயில் விழும் ஜன்னலோரம் கணவரை நிறுத்திச் சட்டையைத் தூக்கச் சொல்வாள்.

"இது என்னங்க?"

"முட்டைகோஸ்."

"முட்டைகோஸுக்கு நடுவுல கிரீம் எப்படி வந்துச்சு?"

அவரும் சளைக்கவில்லை. காலையிலேயே தின்றுவிட்டால் மாலைக்குள் செரித்துவிடும் என்று கணக்குப் போட்டார். அவள் மதியம் வேலையிடத்துக்கே வந்து நின்றாள். லிஃப்டில் ஏறியவர்களும் பொத்தான் இடைவெளியில் எட்டிப் பார்க்கத் தொடங்க, மானம் போகிறதே என்று திருந்தினார். சர்க்கரை இறங்கியது. கையில் மிச்சம் வைத்திருந்த பாட்டில்களையும் அவராகவே கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்.

ஆனாலும் மனிதனுக்குச் சூடு சொரணை என்று ஒன்று இருக்கிறதே. ஒரு நாள் ஜன்னலோரம் போக மறுத்துவிட்டார். "நான் மட்டும் கண்ணாடியா நிக்கணும், நீ மட்டும் மூடி வச்சுக்குவியா? நீ இந்த ஜாடித் தண்ணியைக் குடிக்கிற வரைக்கும் நானும் குடிக்கப்போறதில்ல" என்று சொல்லி, புதிதாக வாங்கி வந்த ஒரு நீலப் பாட்டிலை அவள் கண்ணெதிரே திறந்தார். அவள் தொண்டை கட்டும் என்றாள், பல் கூசும் என்றாள், எலுமிச்சை உடம்புக்கு ஆகாது என்றாள். இவர் அசையவில்லை. சர்க்கரை மறுபடி ஏறியது. அவர் வயிற்றுக்குள் நீலம் தினமும் ஒரு விரல் உயர்ந்துகொண்டே போவதைப் பார்த்துப் பார்த்து அவளால் பொறுக்க முடியவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தாள். அன்றிலிருந்து இருவருமே அதைத்தான் குடித்தார்கள்.

அவளும் தெளிந்த அன்று, ஜன்னலோரம் அவளை நிறுத்தியவர் மெக்கானிக். மார்புக்குக் கீழே, பளபளவென்று ஆரஞ்சு நிறம் தளும்பிக்கொண்டிருந்தது. அவரிடமிருந்து பறித்த பாட்டில்களை அவள் கொட்டவே இல்லை. காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனசு வராமல், ஒவ்வொன்றாகத் தானே குடித்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?" என்றார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "முட்டைகோஸ்" என்றாள்.

அவர் சிரித்த சிரிப்பில் குடல் குலுங்கியது வெளியே தெரிந்தது. சட்டென்று அது நின்றது. ஆஸ்பத்திரி வாசல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அடிப் பாவி, நீ போயிட்டா நான் யார்கிட்ட பொய் சொல்லுவேன்?" என்றார். நடிக்கிறாரோ என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டதைக் கண்ணாலேயே பார்த்தாள்.

கடைசிப் பாட்டிலை மெக்கானிக்தான் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தார். அந்தச் சத்தம் கேட்காமல் இருக்க அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். ஊருக்கெல்லாம் திரை தைத்தவள், மிஞ்சிய துணிகளை ஒட்டுப்போட்டு அந்த ஜன்னலுக்கும் ஒன்று தைத்தாள். மாலையில் ஒருவரையொருவர் பார்த்து முடித்ததும் அதை இழுத்துவிடுவார்கள். பிறகு சட்டையை இறக்கிவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். தட்டில் இருப்பது நிஜமாகவே முட்டைகோஸ்தான்.