திறக்காதடி பொண்ணே

அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் நாடக மன்றம் அவ்வருடம் கறுப்பின எழுத்தாளர்களின் நான்கு நாடகங்களை மேடையேற்றியது. முதல் நாடகத்தில் டெல்ஃபின் கதாநாயகி. ஏழு வருடம் முன்பு ஓடிப்போன கணவன் திரும்பி வந்து கதவைத் தட்டுவான். அவள் பத்து விநாடி மௌனமாக நின்றுவிட்டுத் திறக்க வேண்டும். அந்த மௌனத்துக்காக இயக்குநர் ஒரு வாரம் அவள் உயிரை வாங்கியிருந்தார்.

முதல் காட்சியன்று அரங்கு நிறைந்திருந்தது. கதவு தட்டப்பட்டது. டெல்ஃபின் தாழ்ப்பாளில் கை வைத்ததுதான் தாமதம், முன்வரிசையிலிருந்து மஞ்சள் தொப்பி அணிந்த ஓர் அம்மாள் கத்தினார்.

"திறக்காதடி பொண்ணே!"

"ஆமா, திறக்காத!" என்றன பின்வரிசைகள்.

டெல்ஃபினுக்குச் சிரிப்பு முட்டியது. கதவுக்குப் பின்னாலிருந்து கணவனாக நடித்த ராஸ்கோ குரல் கொடுத்தான்.

"கண்ணு, வெளியில குளிருது!"

"குளிரட்டும்!" என்றார் அம்மாள்.

டெல்ஃபின் அவர் பக்கம் திரும்பினாள். "என்னதான் சொல்றான்னு கேட்டுப் பாக்குறேனேம்மா" என்று கெஞ்சினாள். அரங்கு அதிர்ந்தது. ஆனால் அவள் கதவைத் திறந்தபோது எழுந்த பெருமூச்சில் நிஜமான வருத்தம் இருந்தது. ஒத்திகையில் ஒருநாளும் வராத கண்ணீர் அப்போது அவளுக்கு வந்தது.

நாடகம் முடிந்ததும் அந்த அம்மாள் மேடைக்குப் பின்னால் வந்து டெல்ஃபினைக் கட்டிக்கொண்டார். ராஸ்கோ கை நீட்டினான், அவர் கொடுக்கவில்லை.

"அம்மா, அது நடிப்பும்மா."

"தெரியும்ப்பா. இருந்தாலும் ஒரு கடுதாசி போட்டிருக்கலாமில்ல?"