உப்புத் தொட்டியில் அருவி நீர்

1

2025 ஜூலை 5, சனிக்கிழமை, காலை பத்தே கால் மணி. குற்றாலத்தில் சாரல், மேற்கிலிருந்து காற்று. ஒதுங்கிய இடத்தில், பச்சைப் பாசி மூடிய கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கண்டேன். இக்கதை அதிலிருந்து வந்தது. கதையில் வரும் மீன் காட்சியகமும் மாந்தரும் என் புனைவு.

‘கடலையே காணாத மலையடிவாரத்தில் ஒரு கடல் முள்ளெலி தன் தாய்நீரை நினைத்து—’

(கைவிட்டேன். முள்ளெலி எதை நினைக்கும் என்று எனக்குத் தெரியாது.)

2

தெரிந்ததைச் சொல்கிறேன். கடல் முள்ளெலி உருண்டையானது. உடலெங்கும் முள், அடிப்புறத்தில் வாய். பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்னும். அது குறைந்தால் பாசி பெருகி, இளம் பவளங்கள் ஒட்டிக்கொள்ள இடமிராது. முள்ளெலியே அளவுக்கு மேல் பெருகினாலோ, கடற்பாசிக் காடே மொட்டைப் பாறையாகும்.

(இப்பத்தி இன்னும் நீளமாக இருந்தது. கதை நின்றுவிட்டதால் வெட்டினேன்.)

3

முள்ளெலிகள் இருக்கும் கடல்நீர்த் தொட்டிக்குப் பொறுப்பு பாஹிமா. விலங்கியல் படித்தவள், அச்சன்புதூரிலிருந்து பேருந்தில் வருபவள். காட்சியகத்தின் உரிமையாளர் சங்கரேஸ்வரி. பருவத்தின் முதல் தண்ணீர் அருவியில் விழும் நாளில், எல்லாத் தொட்டிகளிலும் குடங்குடமாக அருவி நீர் ஊற்றுவது அவர் வழக்கம். நன்னீர் மீன்கள் அதைப் பொருட்படுத்தியதில்லை. இவ்வாண்டு புதிதாக வந்த கடல்நீர்த் தொட்டிக்கும் அவர் குறை வைக்கவில்லை. உப்புக் குறைந்த நீரை முள்ளெலிகள் தாங்கா. முட்கள் உதிரத் தொடங்கின.

“ஏ பாஹிமா, ஒன் முள்ளுருண்டையெல்லாம் திருச்செந்தூர் போயி மொட்டை போட்டுட்டு வந்துட்டா?” என்றார் வாசலில் நுழைவுச் சீட்டுக் கொடுக்கும் கௌரிசங்கர், முழு வழுக்கையர்.

“ஒங்களுக்கு அந்தச் செலவும் இல்லல்லா அண்ணாச்சி.”

(முதல் வரைவில் இங்கே அவள் அழுதாள். நீரில் உப்பை அளந்துகொண்டிருப்பவளுக்கு அழ நேரமிராது, அடித்துவிட்டேன்.)

முள்ளெலிகள் அனைத்தும் மாண்டன. ஒரு மாதத்தில் பாசி கண்ணாடி வரை வந்தது.

4

“பாசி புடிச்சு நாறுது. பாத்துக்கிடச் சம்பளம் வாங்குதது நீதானட்டி?” என்றார் சங்கரேஸ்வரி. “கடத்தண்ணியக் கொட்டிட்டு கோல்டு ஃபிஷ் விடப் போறேன். அதுக்குப் படிச்ச ஆள் எதுக்கு?”

“பாசிய மேயுதது செத்துப்போச்சு ஆச்சி. கொன்னது நான் இல்ல.”

“பின்ன யாரு?”

“குடங்குடமா ஊத்துனது யாரு?”

“மனுசருக்கு நோய் தீக்குத தண்ணிட்டி அது!”

“மனுசருக்குத் தீக்கும். இதுக்கு உப்பு வேணும்லா.”

‘சங்கரேஸ்வரியின் கண்கள் கலங்கி—’

இல்லை. ஊழியரின் முன்னால் தவறை ஒப்புக்கொள்பவராக அவரை என்னால் நம்ப இயலவில்லை. “நாளைக்கு வா, எழுதித் தாறேன்” என்று மட்டும் சொன்னார்.

5

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் தங்கமீன்கள் நீந்த, பாஹிமா தென்காசியில் வேலை தேடுகிறாள். மற்றொன்றில் தூத்துக்குடியிலிருந்து வந்த முள்ளெலிகள் பாறையை வெளுக்கின்றன. முதலாவது எனக்கு எளிது. இரண்டாவதற்கு மாதங்கள் வேண்டும். வருபவை பிழைக்குமா என்பதை வாசகர் முடிவுசெய்துகொள்ளலாம். எனக்கு மறுநாள் காலை போதும்.

சங்கரேஸ்வரி எழுதிக்கொண்டிருந்தார். பாஹிமா எதிரில் நின்று தலைகீழாகப் படிக்க முயன்றாள்.

“வேலையா ஆச்சி, வீடா?”

“பொறுட்டி. எழுத விடுதியா?”

‘புதிய முள்ளெலிகள் வாங்கப்படும். இத்தொட்டியில் பாஹிமாவைக் கேளாமல், உரிமையாளர் உட்பட எவரும், எந்த நீரும் ஊற்றக் கூடாது.’

‘உரிமையாளர் உட்பட’ என்பது பிறகு மேலே செருகப்பட்டிருந்தது. சங்கரேஸ்வரி கையெழுத்திட்டு, அவள் முகத்தைப் பாராமல் தாளை நீட்டினார்.