ஏழாவது பாட்டின் உறுமி

'அக்கரை' என்றொரு இசைக்குழு இருந்ததா என்று பினாங்கில் நூறு பேரைக் கேட்டால் தொண்ணூற்றெட்டுப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாகான் டாலாம்காரர்கள் நான்கு பேர் கிட்டாரையும் உறுமியையும் சேர்த்து, தமிழில் பாடினார்கள். கால் நூற்றாண்டில் மூன்றே ஆல்பம். மிச்சமுள்ள அந்த இரண்டு பேரோ அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். அதிலும் முதல் ஆல்பத்தின் ஏழாவது பாட்டில், எல்லா வாத்தியமும் ஓய்ந்து உறுமி மட்டும் நாலு நிமிஷம் தனியாக அழும் இடம் வந்தால் பேச்சையே நிறுத்திவிடுவார்கள்.

அந்த நாலு நிமிஷம்தான் குணாளனின் சொத்து. பிறை தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் மிஷின் பழுது பார்த்ததை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? 'ஏழாவது பாட்டு குணாளன்' என்றால் கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி கிடைக்கும். அவர் பெண் பார்க்கப் போனபோது மோகனாவின் அப்பா வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேசட்டைத்தான் போட்டார்.

அந்த ஆல்பத்தை இப்போது இசைத்தட்டாக மறுபடி வெளியிடுகிறார்கள். அர்மேனியன் தெருவில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில், சனிக்கிழமை மதியம் கூட்டம். நாற்பது நாற்காலி போட்டு முப்பத்தொன்று நிரம்பியிருந்தது; அக்கரைக்கு அது மாநாடு. மேடையில் குணாளனும் பாக்கியநாதனும். பாக்கியநாதன் மாதா கோயில் பாட்டுக் குழுவில் கிட்டார் பிடித்து வளர்ந்தவர். அக்கரையின் பாடகர், தலைவர் எல்லாம் அவர்தான். மற்ற இருவரில் ஒருவர் பெர்த்தில், ஒருவர் மண்ணுக்குள்.

மூன்று ஆல்பங்களையும் ஒப்பிட்டுப் பேச வந்தவன் ஷஃபீக். இணையத்தில் பாட்டுகளைப் பற்றிப் பேசும் நிகழ்ச்சி நடத்துகிறவன். நல்ல பிள்ளை, கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. இந்த மாதிரி ஆள்தான் குடியைக் கெடுப்பான்.

"முதல் ஆல்பத்துல கிட்டாரு கொஞ்சம் தடுமாறும், உறுமி தடுமாறாது. ரெண்டாவதுல எல்லாமே பளபளன்னு இருக்கும், ஆனா பாட்டுல உயிரு கம்மி. மூணாவதுல எல்லாருக்கும் வயசாயிடுச்சு" என்றான். கூட்டம் சிரித்தது. குணாளன் தலையாட்டினார். முதல் ஆல்பமே சிறந்தது என்று பேச ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தார்.

"ஒரு சந்தேகம்லா, அண்ணே. ஹெட்போன் போட்டு மூணையும் கேட்டேன். ரெண்டாவதுலயும் மூணாவதுலயும் உறுமிக்கு அடியில யாரோ மூக்கால முனகுற சத்தம் இருக்கு. நீங்கதானே அது?"

"நான்தான்லா" என்றார் குணாளன் பெருமையாக. "குச்சிய எடுத்தாலே வந்துடும். வாயில துணி கட்டினாலும் நிக்காது."

"அப்ப முதல் ஆல்பத்துல மட்டும் ஏன் இல்ல?"

"சுத்தம் பண்ணியிருப்பாங்க."

"உறுமியும் முனகலும் ஒரே மைக்ல போயிருக்கும். அந்தக் காலத்துல எப்படிண்ணே பிரிச்சாங்க?" கேட்டுக்கொண்டே ஏழாவது பாட்டைப் போட்டான். பெரிய ஒலிபெருக்கி. உறுமி அழுதது. அடியில் ஒன்றுமே இல்லை.

ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று குணாளன் பாக்கியநாதனைப் பார்த்தார். பாக்கியநாதன் குனிந்து, சரியாக இருந்த கிட்டார் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. குணாளன் இரண்டாவது வரிசையில் இருந்த மனைவியைப் பார்த்தார். மோகனா கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். பதில் சொல்லப் பிடிக்காதபோதெல்லாம் அவள் அந்தப் பையில்தான் தேடுவாள்.

கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் குணாளன் பாக்கியநாதனின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"யாருடா அடிச்சது?"

"கைய எடு, சொல்றேன். கோலாலம்பூர் ஸ்டூடியோக்காரன் உன் முனகலக் கேட்டுட்டு ஆகாதுன்னுட்டான். நீ பஸ் ஏறினப்புறம் அவனே ஒரு ஆளக் கூட்டிட்டு வந்தான். ஒரே தடவைல அடிச்சுட்டுப் போயிட்டாரு."

"பேரு என்ன?"

"ஞாபகம் இல்லலா."

"பேரு கூடவா கேக்கல? என் பேரப் போட்டியே!"

"கேசட்டு வந்தப்ப நீ அழுதுட்ட, குணா. எப்படிச் சொல்றது? அப்புறம் நீயும் அச்சு அசலா அதே மாதிரி அடிக்க ஆரம்பிச்சிட்ட. எல்லாம் ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன்."

அதுதான் குணாளனை அறைந்தது. கேசட் வந்த அன்று 'நானா இப்படி அடித்தேன்' என்று வியந்துபோய், அந்தக் கை விட்டுப் போய்விடக் கூடாதென்று மூன்று மாதம் தோள் வீங்க வீங்கப் பழகினார். தன்னைத்தான் பிடித்து வைக்கிறோம் என்று நினைத்து, பேர் தெரியாத ஒருவனை இத்தனை வருஷமாகப் பார்த்து எழுதியிருக்கிறார். இரண்டாவது ஆல்பமும் மூன்றாவது ஆல்பமும் அவனுடைய நகல். அவருடையது என்று இருந்தது முனகல் ஒன்றுதான். அதைத்தான் வேண்டாம் என்றிருக்கிறார்கள்.

வீடு திரும்பும் ஃபெரியில் மோகனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாதிக் கடல் தாண்டியதும் அவர் கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நிச்சயம் முடிஞ்ச வாரம். பாக்கியண்ணே மனசு கேக்காம வந்து சொன்னாரு."

"இருபத்து மூணு வருஷமா சொல்லணும்னு தோணலையா?"

"தோணாமயா? ஒவ்வொரு தீபாவளிக்கும் ஊர்க்காரங்களக் கூப்பிட்டு வச்சு அதத்தானே போட்டீங்க? அந்த முகத்தப் பாத்துட்டு எப்படிங்க சொல்றது?"

அவருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஊரே சேர்ந்து தன்னை ஒரு குழந்தையைப் போல ஏமாற்றி வைத்திருக்கிறது. அதிலும் பக்கத்தில் படுத்தவளே.

"அந்தப் பாட்டு வந்தா நீ கண்ண மூடிக்குவ. எனக்காகத்தான்னு நெனச்சேன். யாரோ ஒருத்தன் அடிச்சதுன்னு தெரிஞ்சுக்கிட்டே மூடியிருக்க. யாருக்காகடி மூடின?"

மோகனா இந்த முறை பையைத் திறக்கவில்லை. நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"பாட்டு ஓடுறப்ப நீங்க பக்கத்துல உக்காந்து கூடவே முனகுவீங்க. உங்களுக்கே தெரியாது. நான் அதத்தான் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

இதையே காலையில் சொல்லியிருந்தால் மனிதர் அப்படியே உருகியிருப்பார். இப்போதும் உருகத்தான் ஆசைப்பட்டார். அவள் கண்களையே உற்றுப் பார்த்தார். அவை பொய் சொல்வதாகத் தெரியவில்லை.

இருபத்து மூன்று வருஷத்தில் ஒருநாளும் அப்படித் தெரிந்ததில்லை.