வெள்ளத்துக்குக் கொடுத்த பை

வியாழக்கிழமை காலையில்தான் ஷாமில் தன் கடவுச்சீட்டைத் தேடத் தொடங்கினான். திங்கட்கிழமை அவனுக்கு விமானம். அறைக் கதவின் பின்னால் தொங்கிய பழைய கறுப்புப் பையின் சிப்பு வைத்த உள்ளறைக்குள் அதை வைத்திருந்தான். லாத்வியாவின் ரீகா நகரில் தங்கிப் படிப்பதற்கான அனுமதி அட்டையும் அதற்குள்தான் இருந்தது. இப்போது கதவில் வாப்பாவின் சாரம் மட்டும் தொங்கியது.

“உம்மா, இதில தொங்கின பேக் எங்க?”

குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்த கைறுன்னிஸா தலை நிமிராமலே சொன்னாள்.

“அத வெள்ளத்துக்குக் குடுத்தாச்சே மகன். நீ ஓட்டமாவடிக்கு மாமி ஊட்ட போன அண்டு றிஸ்லானாக்கள் வெள்ளத்தில அடிபட்ட சனத்துக்கு உடுப்புச் சேர்க்க வந்தானுகள். நாலு சாரமும் துவாயும் அதுக்குள்ளதான் வெச்சுக் குடுத்தன். உனக்குத்தான் புதுப் பேக் இருக்கே.”

“உள்ளுக்குப் பாத்தயா உம்மா?”

“உள்ளுக்கு என்ன?”

அவன் சொன்னான். கைறுன்னிஸா இறால் சட்டியைத் தட்டிவிட்டு எழுந்தாள். ஓடும் நீரில் கையைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடியும் கழுவினாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, “அல்லாஹ்வே, நான் என்ன வேல செஞ்சன்” என்று அழத் தொடங்கினாள்.

அரை மணித்தியாலத்தில் வாப்பா உசனார் புடவைக் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். காத்தான்குடிப் பிரதான வீதியில் அந்தக் கடை வேலை நாளில் பகலில் பூட்டிக் கிடந்ததை அக்கம்பக்கத்தார் கண்டதில்லை. அவர் மகனை ஏசவில்லை, மனைவியையும் ஏசவில்லை. கைபேசியை எடுத்து ஒவ்வொருவராக அழைத்தார். கொழும்பில் இருக்கும் தெரிந்தவர் ஒருவர், புதுக் கடவுச்சீட்டு எடுத்துவிடலாம், ஆனால் அந்த அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், திரும்ப விசா எடுக்க இரண்டு மூன்று மாதம் போகும் என்றார். ஷாமிலின் பரீட்சை தை மாதம் இருபதாம் திகதி.

வீட்டில் எல்லாரும் பதறினார்கள். ஷாமில் மட்டும் பதறவில்லை. மத்தியானம் இறால் குழம்போடு இரண்டு கோப்பை சோறு தின்றான். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து படுத்தவன், விடுமுறைக்கு ஊருக்கு வந்த மூன்று கிழமையில் முதல்தடவையாக நன்றாக அயர்ந்து தூங்கினான். எழும்பும்போது நெஞ்சில் இருந்த கனம் இல்லை. அது ஏனென்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததை நினைக்க வெட்கமாக இருந்தது.

போகத் தேவையில்லை. அதுதான்.

லாத்வியாவுக்குப் போய் ஒன்றரை வருடம். கட்டடப் பொறியியல் படிக்கிறான். விடுதி அறையில் நான்கு பேர். வகுப்பு முடிந்ததும் சைக்கிளில் சாப்பாட்டுப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. பனி இறுகிய தெருவில் இரண்டு தடவை விழுந்திருக்கிறான். முழங்காலில் தழும்பு இருக்கிறது. ஹலால் இறைச்சிக் கடைக்கு இரண்டு ட்ராம் மாறவேண்டும் என்பதால் பெரும்பாலும் முட்டைதான். ஞாயிற்றுக்கிழமை ஆக்கிய சோறு புதன் வரை போகும். இதையெல்லாம் தாங்கியிருப்பான். கட்டமைப்புப் பொறியியல் என்ற ஒரு பாடம்தான் அவனை முறித்தது. ஆனியில் தவறினான். புரட்டாசியில் திரும்ப எழுதி, அதிலும் தவறினான். தையிலும் தவறினால் முழு வருடத்தையும் திரும்பப் படிக்கவேண்டும். வகுப்பில் கையை உயர்த்தி ‘விளங்கவில்லை’ என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. காத்தான்குடியில் அவன் கணிதத்தில் மாவட்டத்தின் முதல் பத்துப் பேரில் ஒருவன்.

உம்மா தொலைபேசியில், “எப்பிடி மகன்?” என்று கேட்டு முடிக்குமுன்னே, “நல்லா இரிக்கன் உம்மா” என்று சொல்லிவிடுவான்.

இப்போது பிழை யாருடையதும் இல்லை. பையை உம்மா கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான். ஆனால் உம்மா தொழுகைப் பாயிலிருந்து எழும்பவேயில்லை. அசரிலிருந்து அந்தி மஃரிப் வரை அங்கேயே இருந்தாள். அவள் முதுகு குலுங்குவதைக் கதவோரம் நின்று பார்த்தபோது, இவ்வளவு நேரம் கிடைத்த நிம்மதி அவனுக்குக் கசந்தது.

அன்று மாலையே றிஸ்லான் வந்தான். பக்கத்து வளவுக்காரன், ஷாமிலோடு ஒன்றாகப் படித்தவன்.

“அந்த உடுப்பு லொறி சித்தாண்டிக்குத்தான் போன. ஸ்கூல்ல இருந்த சனத்துக்குக் குடுத்த. ஆருக்குக் குடுத்த எண்டு கொப்பியில எழுதியிருக்கம். நாளைக்கு ஜும்ஆவுக்குப் பிறகு போவம்.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் இருவரும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார்கள். கல்லடிப் பாலத்தில் வாவித் தண்ணீர் இன்னும் கலங்கல் நிறத்தில் கிடந்தது. ஏறாவூர், செங்கலடி தாண்ட, வீதியின் இரு பக்கமும் வயல் தெரியவில்லை. தண்ணீருக்கு மேலே வரம்பின் முதுகும் மின்கம்பமும்தான். சித்தாண்டியில் மூன்று வீடு ஏறி இறங்கினார்கள். நாலாவது வீட்டில் அந்தக் கறுப்புப் பை கழுவிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், நனைந்த நெல்லைச் சாக்கில் பரப்பி விரலால் கிளறிக்கொண்டிருந்தாள். பெயர் அன்னப்பூரணி. அவர்களைக் கண்டதும் எழுந்தாள்.

“ஆர் தம்பி?”

“அக்கா, அந்த பேக் எங்கட ஊட்டில இருந்து வந்த. உள்ளுக்கு என்ட பாஸ்போட் இருந்த…”

அவள் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

“பாஸ்போட்டா? உங்கட பேர் என்ன?”

“ஷாமில். உசனார் முகம்மது ஷாமில்.”

“பிறந்த திகதி?”

சொன்னான்.

“தொழில் எண்டு போட்ட இடத்தில என்ன கிடக்கு?”

“மாணவன் எண்டு.”

“படத்தில தாடி இல்லயே?”

“இது அங்க போய் வளர்ந்த தாடி அக்கா. குளிருக்கு.”

அன்னப்பூரணி சிரித்துவிட்டாள். “கோவிக்காதங்க தம்பி. ஆரும் வந்து கேட்டாக் குடுக்கேலாதே. பேக்கக் கழுவக்குள்ளதான் கண்ட. கொஞ்சம் நனைஞ்சிட்டு. நெல்லோட வெச்சு வெயில் காட்டினன், மறுகா சாமியறையில வெச்ச. கிராம சேவகர் லீவு. திங்கள் வந்தாக் குடுப்பம் எண்டு இருந்த. படத்தப் பாத்தா, இந்தப் புள்ள எங்க தேடித் திரியுதோ எண்டு ரெண்டு நாளா ஒரே யோசினை.”

உள்ளே போய் எடுத்துவந்தாள். கடவுச்சீட்டின் மேலட்டை ஓரம் கொஞ்சம் சுருண்டிருந்தது. முத்திரைகள் கலையவில்லை. அனுமதி அட்டை ஒரு பொலித்தீன் பையில் தனியாக இருந்தது. ஷாமில் இரண்டையும் கையில் வாங்கினான். றிஸ்லான், “அல்ஹம்துலில்லாஹ்” என்று உரக்கச் சொல்லிவிட்டு உசனாருக்கு அழைப்பு எடுக்க முற்றத்துக்கு ஓடினான்.

அன்னப்பூரணி பால் விடாத பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

“என்ன தம்பி, முகம் வாடிக் கிடக்கு? எல்லாம் சரியாத்தானே இருக்கு?”

முன்பின் தெரியாதவளிடம் அவன் வாய் தானாகத் திறந்தது.

“எனக்குப் போக விருப்பமில்ல அக்கா. படிப்பு ஏறுதில்ல. இது துலைஞ்சது நல்லம் எண்டு இருந்தன்.”

அவள் புத்தி சொல்லவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்து நீட்டினாள்.

“அப்ப இஞ்ச தாங்க. சாமியறையிலயே வெச்சிடுறன். நீங்க வந்ததும் தெரியா, நான் கண்டதும் தெரியா.”

அவள் பகிடியாகத்தான் கேட்டாள். ஆனாலும் கை நீட்டியபடியே இருந்தது. ஷாமில் கொடுக்கவில்லை. கடவுச்சீட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். அப்படிப் பிடித்திருப்பதை அவனே அப்போதுதான் கண்டான்.

“தரமாட்டயள்தானே?” என்றாள்.

“இல்ல அக்கா.”

இருவரும் சிரித்தார்கள். ஷாமிலுக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. பிளேன்டீயைக் குடித்து மறைத்தான். பையைத் திருப்பி எடுக்கச் சொன்னாள், அவன் மறுத்துவிட்டான். விதைநெல் போனதா என்று கேட்டான். பாதி போனது, தண்ணீர் வடிந்தால் திரும்ப விதைப்போம் என்று சொல்லிவிட்டு அவள் சாக்குப் பக்கம் போனாள்.

அவன் வீட்டுக்கு வந்தபோது கைறுன்னிஸா வாசலில் நின்றாள். கடவுச்சீட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தாள். பிறகு அவன் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்தாள்.

“உம்மா, வாப்பா, ஒரு கத சொல்லணும். இரிங்க.”

ஆனியில் தவறியதைச் சொன்னான். புரட்டாசியில் தவறியதையும் சொன்னான். முழங்கால் தழும்பைக் காட்டினான். முட்டை, புதன்கிழமைச் சோறு எல்லாம் வந்தன. சொல்லச் சொல்லக் குரல் லேசானது. உசனார் தாடியைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“வாத்தியார்ட்ட விளங்கல்ல எண்டு கேட்டயா?” என்றார் கடைசியில்.

“இல்ல வாப்பா.”

“ஏன்?”

“வெட்கம்.”

“என்னட்டச் சொல்லவும் வெட்கமா இருந்ததா?”

“ஓம்.”

“இப்ப?”

ஷாமில் யோசித்தான். “இப்ப இல்ல.”

“அப்ப அவர்ட்டயும் கேளு. திரும்ப ஒரு வருசம் படிச்சாலும் படி. எங்களுக்குப் பொய் சொல்லாம இரி, அது போதும்.” அவர் எழுந்து கடைச் சாவியை எடுத்தார். “கதவு பூட்டிக் கிடக்கு. சனம் நான் மவுத்தாயிட்டன் எண்டு நினைக்கப் போகுது.”

அன்று இரவு முழுக்க உம்மா ஒரே விடயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்: “முட்டை மட்டுமா தின்ன?”

ரீகாவுக்குப் போன மூன்றாம் நாள் ஷாமில் விரிவுரையாளரின் அறைக் கதவைத் தட்டினான். நரைத்த தலையுடைய அந்த மனிதர் கணினியிலிருந்து திரும்பி நாற்காலியைக் காட்டினார். முதல் அத்தியாயத்திலிருந்தே விளங்கவில்லை என்றான் ஷாமில். அவர் ஒரு வெற்றுத்தாளை இழுத்து, இரண்டு தூண்களின் மேல் ஒரு விட்டத்தை வரைந்து, “எங்கே தொடங்கிக் குழம்புகிறது?” என்று கேட்டார். ஒரு மணித்தியாலம் இருந்தார்கள். அடுத்த செவ்வாயும் வரச் சொன்னார்.

வெளியே வந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பனி தூறியது. அவன் நடைபாதையில் நின்று கைபேசியில் அந்தத் தெருவைப் படமெடுத்து உம்மாவுக்கு அனுப்பினான். உடனே அழைப்பு வந்தது.

“என்ன மகன், இருட்டாக் கிடக்கு? அங்க மணி என்ன?”

“நாலரை உம்மா. பின்னேரம்.”

“யா அல்லாஹ்! நாலரைக்கே இப்பிடியா? எப்பிடி இரிக்காய்?”

ஷாமில் கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்தான்.

“பயங்கரக் குளிர் உம்மா. கால் விறைச்சுப் போச்சு. பசிக்குது,” என்று சொல்லத் தொடங்கினான். ட்ராம் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தான்.